படுக்கத் தெரிந்த வட்டு

துலூத் நகரமே ஏரியைப் பார்த்துச் சாய்ந்துதான் நிற்கிறது.
காரை நிறுத்தினால்
சக்கரத்தை நடைபாதை விளிம்புக்குத் திருப்பிவிட்டுத்தான்
இறங்க வேண்டும்.
இப்படிப்பட்ட ஊரில் ஏழாம் கூடையைக் கொண்டுபோய்ச்
சரிவின் நெற்றியில் நட்டவன் எவனோ,
அவனை வியாழன்தோறும் வைகிறேன்.

கூடைக்கும் எனக்கும் எட்டு மீட்டர்.
சங்கிலி குலுங்கினால் மூன்று.
குலுங்காவிட்டால்
மீதிக் கணக்கைத் தண்டவாளம் வரை போய்ப்
பொறுக்கி வர வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை
கூடையின் மேல்வளையத்தில் பட்டது.
பட்டது, விழுந்தது, நின்றது.
நின்றதுதான் கேடு.
விளிம்பில் நிற்கிற வட்டுக்குப்
பூவும் இல்லை, தலையும் இல்லை.
பந்தியில் பாதியில் எழுந்தவர்போல்
முதலில் கூச்சத்தோடு நகர்ந்தது.
பிறகு வெட்கம் விட்டது.
லைல் மாக்கியின் பையைத் தாண்டி,
யாரோ இருவர் விரித்திருந்த போர்வையைத் தாண்டி,
புதருக்குள் ஒருமுறை மறைந்து,
மறுபடி வெளிப்பட்டு,
வேலிக் கம்பியில் முட்டித்தான் சாய்ந்தது.
அறுபத்தொரு எட்டு. எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
மாக்கி அட்டையில் என் பெயருக்கு நேரே
ஆறு என்று எழுதினான்.
கயல்விழி அந்தக் கட்டத்தில் அடங்காது,
அவனுக்கு நான் வெறும் 'கய்'.

எனக்கு வேலை மாவுக்கட்டுப் போடுவது.
பனிக்காலம் முழுக்க
இந்த ஊரின் மணிக்கட்டுகள் என் மேசைக்கு வரும்.
வழுக்கும்போது கையை ஊன்றியவர்கள் எல்லாரும் வருவார்கள்.
தொப்பென்று விழுந்தவர்கள் வருவதில்லை,
வீட்டில் படுத்து முனகிக்கொண்டிருப்பார்கள்.
இத்தனை வருடம் பார்த்தும்
அதை வட்டோடு சேர்த்து யோசிக்க
ஒரு ஜூலை தேவைப்பட்டது.

மருத்துவமனைக்குப் பின்னால், புல்மேட்டில்,
அழுக்குத்துணிக் கூடையை வைத்து எறிந்து பார்த்தேன்.
மணிக்கட்டு சாய்ந்தால் வட்டும் சாய்கிறது.
சாய்ந்து இறங்கினால் சக்கரமாகிறது.
வேகம் மிஞ்சினால் துள்ளுகிறது,
துள்ளி எழுந்ததை நம்பக் கூடாது.
கெட்டி பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டேன்,
அமுக்கினால் குழிகிற ரப்பர் வட்டு வாங்கினேன்.
உயரப் பக்கம் தவறினால்
கூடையின் கால் மறிக்கும்,
தாழப் பக்கம் தவறினால் ஏரிதான் மறிக்கும்.
எதிர்க்காற்று வந்தால்
முன்விளிம்பு ஒரு நெல்லளவு கீழே.
மற்றபடி, காய்ந்த எண்ணெயில்
அப்பளம் இறக்குகிற கை.
வீசுவதில்லை,
விட்டுவிடுவது.

ஆகஸ்ட் கடைசி வியாழன்.
கொரீன் என்னைவிட ஒன்று குறைவு.
ஏழாம் கூடை, அதே எட்டு மீட்டர்,
ஏரியிலிருந்து மெல்லிய காற்று.
விட்டேன்.
சங்கிலி குலுங்கவில்லை.
ஒரு விரற்கடை வலப்புறம் கடந்து
தொப்.

கிடந்தது.
புல்லில் முகம் புதைத்துக் கிடந்தது.
நான் கையைத் தட்டிக் கத்திவிட்டேன்.
தவறியதற்கு இவள் ஏன் குதிக்கிறாள் என்று
மாக்கி சூரியகாந்தி விதை மெல்வதை நிறுத்தினான்.
சொன்னால் புரியாது.
ஒரு பருவம் முழுக்க நான் பழகியது
கூடையில் விழுவதற்கு அல்ல.

கொரீன் மெதுவாகக் கூடைக்குக் கீழே போட்டிருக்கலாம்.
போட்டிருந்தால் போதும்.
ஆனால் அவள் தோள்களைப் பார்த்தேன்,
ஜூனில் என் தோள்கள் அப்படித்தான் இருந்தன.
எறிந்தாள்.
மேல்வளையம்.
பட்டது, விழுந்தது, நின்றது.

யாரும் பேசவில்லை.
அது புறப்படுகிற சத்தம்கூடக் கேட்டது.
போர்வை விரிக்க அன்று யாரும் வரவில்லை,
தடையே இல்லாமல் போயிற்று.

கொரீன் அசையாமல் நின்றாள்.
என் வட்டை எடுக்காமல்
அவள் பக்கம் போனேன்.
வா, என்றேன்,
புதருக்கு இடப்பக்கம் ஒரு ஒற்றையடித் தடம் இருக்கிறது,
எங்கே போய்ச் சாயும் என்று
எனக்குத் தெரியும்.